மறுபிறப்புச் சான்றும் தேரவாதமும்

மறுபிறப்பினை நம்பிக்கையாக மட்டுமன்றி அனுபவச் சான்றால் ஆராயத்தக்க பொருளாகவும் கொண்டவர் பேராதனை மெய்யியற் பேராசிரியர் கே. என். ஜயதிலக்க. கண்டியில் 1958இல் தோன்றிய பௌத்த வெளியீட்டுச் சங்கமும் இத்துறையில் நூல்களை வெளியிட்டது. 1961இல் இலங்கை வந்த உளமருத்துவர் இயன் ஸ்டீவன்சன், கொத்மலைச் சிறுமியொருத்தியின் கூற்றுக்களை ஆராய்ந்தார். தலவாக்கலையில் இறந்த சிறுவனே முற்பிறவியில் தான் என்றாள் அவள். இரண்டு ஊர்களும் ஒரே மலைநாட்டின. செய்தி செவிவழி எட்டியிருக்கலாம் என்னும் ஐயம் எளிதில் எழும்.

அதனினும் நுட்பமான சிக்கலொன்று உண்டு. சிறுவன் இறந்தது 1954 நவம்பரில். சிறுமி பிறந்தது 1956 பெப்ரவரியில். கருவிலிருந்த காலத்தைக் கழிப்பின் ஏறத்தாழ ஆறு மாதம் எஞ்சும். அக்காலத்தில் அவ்வுயிர்த் தொடர்ச்சி எங்கிருந்தது? சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையைத் தேரவாதம் ஏற்பதில்லை; கதாவத்து அதனை வெளிப்படையாகவே மறுக்கின்றது. சர்வாஸ்திவாதிகள் அந்தராபவம் என அதனை ஏற்றனர். திபெத்திய மரபு கூறும் 49 நாளெல்லையும் இங்குப் போதாது. இடையில் வேறொரு குறும்பிறவி நிகழ்ந்திருக்கலாம் என்பார் உளர். அவ்விடை கொள்கையைக் காக்க எழுந்ததேயன்றிச் சான்றிலிருந்து பிறந்ததன்று. கொள்கைக்கு அரணாகக் கொண்ட சான்றே அதனோடு பொருதுகின்றது. ஸ்டீவன்சனோ 1966இல் வெளியான தம் நூலின் தலைப்பிலேயே, இத்தகைய நிகழ்ச்சிகள் மறுபிறப்பினைக் குறிப்பாற் சுட்டுவன என்ற அளவில் நின்றுகொண்டார்.