மரத்தின் மூளை

நான்சுவாங் பழைய தெருவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பூவைத் தேடித்தான் போகிறார்கள். தைவானின் வடமேற்கில், மியாவ்லி மாவட்டத்து மலையடிவாரத்தில் இருக்கும் ஹக்கா மக்களின் ஊர் அது. அங்கே ஒரு குறுகலான சந்துக்குக் குய்ஹுவா பூவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து அரிசி உருண்டையின் மேல் ஊற்றித் தருகிறார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு வாசனை. ஒரு கடை வாசலில், உள்ளங்கை அகல மரத்துண்டுகளைக் கூடையில் குவித்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். எங்கள் வீட்டுப் பூஜையறை வாசனை!

"சோங்-நோ" என்றார் கடைக்கார அம்மா.

ஹக்கா மொழியில் கற்பூரத்துக்கு அதுதான் சொல். சீனப் பொதுமொழியில் ஜாங்நாவ். சோங் என்பது மரத்தின் பெயர், நோ என்றால் மூளை. மரத்தின் மூளை! நம் ஊரில் சொன்னதும் பற்றிக்கொள்கிற பிள்ளையைக் 'கற்பூர புத்தி' என்கிறோம். நாம் சொல்வது தீப்பற்றும் வேகத்தை, அவர்கள் சொல்வது மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றை. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் அந்தக் கடை வாசலில் எனக்கு மெய்சிலிர்த்தது.

மூளை ஏன்? சீனர்கள் முதலில் அறிந்த கற்பூரம் இந்த மரத்தில் விளைந்ததன்று. சுமத்ரா, போர்னியோ காடுகளின் வேறொரு நெடுமரத்திலிருந்து கப்பலேறி வந்தது. அந்த மரத்தைப் பிளந்தால் உள்வெடிப்புகளில் வெள்ளைக் கட்டிகள் உறைந்திருக்கும். அதற்கு லோங்நாவ், 'டிராகன் மூளை', என்று பெயரிட்டார்கள். மண்டை ஓட்டுக்குள் மூளை இருப்பதுபோல் மரத்துக்குள் அது இருந்ததால்தான் அந்தப் பெயர் என்பது என் எண்ணம். பின்னாளில் சொந்த நாட்டு மரத்தைக் காய்ச்சி எடுத்த கற்பூரத்துக்கும் அதே மூளை ஒட்டிக்கொண்டது. பிறகு அந்தச் சொல் எங்கெல்லாமோ போயிருக்கிறது. புதினா உப்பு சீனத்தில் 'புதினா மூளை', நாப்தா 'கல்மூளை எண்ணெய்', கணினி 'மின்மூளை'.

நம் சொல் வேறு வழியாக வந்தது. கற்பூரம் வடமொழி கர்பூரத்திலிருந்து வந்தது. வடமொழிக்கு அது மலாய் உலகத்துக் 'கப்பூர்' என்ற சொல்லிலிருந்து போனது என்பது பரவலான கருத்து. மலாயில் கப்பூர் என்றால் சுண்ணாம்பு. வெள்ளை நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு விட்டுச் சென்றிருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் அடுக்கும் கற்பூர வகைகளில் 'வாரோசு' உண்டு. அது பாருஸ்தான் என்கிறார்கள் அறிஞர்கள். அதே பட்டியலில் 'சீனச்சூடன்' என்றும் ஒன்று இருக்கிறது. அதை முதன்முதலில் படித்தபோது ஒரு சரக்குப் பெயராகக் கடந்து போய்விட்டேன். நான்சுவாங்கில் மரத்துண்டைக் கையில் பிடித்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு மணம் வந்தது.

அந்த மணத்தை மரத்திலிருந்து பிரித்தெடுப்பது முரட்டு வேலை. ஆள் நடுக்காட்டுக்குப் போய், வளைந்த வாயுள்ள வாச்சியால் மரத்தைக் கொத்திச் சிராய் சிராயாகப் பெயர்க்க வேண்டும். அடிமரத்திலும் வேரிலும்தான் சத்து அதிகம். மரம் எவ்வளவு கிழடோ அவ்வளவு நல்லது. சிராய்களை மரப்பீப்பாயில் அடைத்து, தண்ணீர் கொதிக்கும் இரும்புச் சட்டியின் மேல் ஏற்றுவார்கள். ஆவி சிராய்களுக்குள் புகுந்து கற்பூரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். குளிர்ந்த இடத்தில் பட்டதும் உறைபனிபோல் படியும். அதைச் சுரண்டி எடுத்தால் கற்பூரம், கூடவே வடிவது கற்பூர எண்ணெய். அடுப்பு அணையக் கூடாது என்பதால் காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். குடிசைக்கு நாவ்லியாவ், 'மூளைக் குடிசை', என்று பெயர். ஆளுக்கு நாவ்திங், 'மூளைக் கூலி'. குடிசைகள் போய்விட்டாலும் நாவ்லியாவ் என்ற இடப்பெயர் தைவான் மலையோரங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. இந்த அடுப்புகளைக் காத்துக் கிடந்தவர்களில் பெரும்பகுதி ஹக்கா மக்கள்.

உலகத்துக்கு அப்போது கற்பூரப் பசி. 1868-இல், அப்போது தைவானை ஆண்ட சீனச் சிங் அரசின் கற்பூர ஏகபோகத்தை உடைக்க பிரிட்டிஷ் பீரங்கிக் கப்பல் தைவானின் ஆன்பிங் துறையைத் தாக்கியது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் செல்லுலாய்டைக் கொண்டுவந்தார்கள். சீப்பு, பொம்மை, பிறகு சினிமா ஃபிலிம் என எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. அதற்குக் கற்பூரம் வேண்டும், கற்பூரத்துக்குத் தைவான் காடு வேண்டும். 1895-இல் தீவைப் பிடித்த ஜப்பான் 1899-இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது.

அந்தக் காடு யாருடையது? நான்சுவாங் மலைகள் சைசியாட் பழங்குடியினருடையவை. கற்பூரம் காய்ச்ச வந்தவர்கள் அவர்களுக்கு வாடகை கொடுத்தார்கள். அதற்கு ஷான்கோங்யின் என்று பெயர், மலைக்கான வெள்ளிப்பணம். புதிய அரசோ, பத்திரம் இல்லாத நிலமெல்லாம் தனக்குச் சொந்தம் என்றது. எழுத்தே இல்லாத மக்களிடம் பத்திரம் கேட்பதை என்னவென்று சொல்வது? வாடகைத் தகராறு முற்றி, 1902-இல் சைசியாட் தலைவர் ரி அகுவாய் ஆட்களைத் திரட்டி நான்சுவாங்கின் அரசு அலுவலகத்தைத் தாக்கினார். ஜப்பானியப் படை அடக்கியது. அதற்குப் பிறகு மலையின் வாடகைக்குப் பேச்சே இல்லாமல் போனது.

ஐரோப்பாவில் பைன்மரத்து டர்பன்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்யக் கற்றதும் காட்டு அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இன்று நம் தட்டில் எரியும் சூடத்திலும் பெரும்பாலானது டர்பன்டைன் வழி வந்ததுதான். நான்சுவாங் மரத்துக்கும் நிலக்கரிக்கும் மாறியது. சுரங்கத் தொழிலாளிகளை நம்பி சினிமாக் கொட்டகைகூட நடந்தது. கரியும் நின்றபின் இளவட்டங்கள் நகரத்துக்குப் போக, தெரு 'பழைய தெரு' ஆனது. 1935 ஏப்ரல் நிலநடுக்கம் இந்த வட்டாரத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதில் இடிந்து, பிறகு மரத்தால் எழுப்பிய பழைய தபால் நிலையக் கட்டடம் சந்துக்கு அருகே நிற்கிறது. பக்கத்திலேயே துணி துவைக்கும் கால்வாய். ஓரமாகப் பதித்த கற்களின் விளிம்புகள் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கின்றன. கையால் தடவிப் பார்த்தேன், அம்மிபோல் இருந்தது.

ஹக்கா என்ற சொல்லுக்கே 'விருந்தாளிக் குடி' என்றுதான் பொருள். தென்சீனத்தில் முன்னே வந்து குடியேறியவர்கள், பின்னால் வந்தவர்களை அப்படி அழைத்தார்கள். பிறர் வைத்த பெயரை இவர்கள் பெருமையோடு சுமந்துகொண்டார்கள். தைவானில் மலையை ஒட்டிக் குடியேறிய பின்னும் அதே பெயர். இங்கேதான் எனக்குச் சொல்லின் கனம் தெரிந்தது. விருந்தாளி என்றால் விருந்து கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமே!

தெருவிலிருந்து ஒரு சாலை வளைந்து வளைந்து ஷியாங்தியன் ஏரிக்கு ஏறுகிறது. அங்கே சைசியாட் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் மொழி மலாய்க்கு உறவு. நம் கற்பூரத்தின் கப்பூர் பிறந்த அதே பெருங்குடும்பம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே பாஸ்தாஆய் சடங்கு நடக்கும். தங்கள் முன்னோர் அழித்துவிட்டதாகச் சொல்லப்படும் குள்ள மக்களின் ஆவிகளை அழைத்து, இரவெல்லாம் கைகோத்துப் பாடி உபசரித்து, பிறகு வழியனுப்பி வைப்பார்கள். நான் போனபோது சடங்குக் காலம் இல்லை. ஏரிக்கரையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் கிடந்த மரத்துண்டு அந்தக் குளிரிலும் மணத்துக்கொண்டிருந்தது.