சாவா மூவா ஆடுகளும் 54,000 பழமும்

தஞ்சைப் பெரிய கோயிலில் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஏற்பாடு சொல்கிறது. இதற்காகக் கோயில் தோப்பு வாங்கவில்லை, தினமும் சந்தைக்கு ஆள் அனுப்பவும் இல்லை. 360 காசை ஊர்க் கடைத்தெரு வணிகர்களிடம் முதலாகக் கொடுத்துவைத்தது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி என்றால் 45 காசு ஆகிறது. காசுக்கு 1,200 பழம் வீதம் அது 54,000 பழம். ஆண்டை 360 நாளாகக் கொண்டு வகுத்தால் ஒரு பழம்கூடக் குறையாமல் நாளுக்கு 150 வருகிறது. முதல் வணிகரிடமே இருக்கும், வட்டி மட்டும் பழமாகக் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கும். நம் கோயில் வரலாறுகள் விமானத்தின் உயரத்தையும் கல்லின் எடையையும் வியந்து எழுதுகின்றன. அந்த வியப்பில் ஒரு பங்காவது இந்தக் கணக்குக்கும் உரியது. கோயிலைக் கட்டி முடித்தபின் அதை ஒவ்வொரு நாளும் நடத்த வேண்டும். நெய், நெல், பழம், ஏலக்காய், ஆள் என எதுவும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. இதற்குச் சோழர் கண்ட வழி, பொருளை வாங்குவதை விட்டுவிட்டுப் பொருளைத் தரும் கடமையை வாங்கியது. அந்தக் கடமையையும் பொருளின் இயல்பு பார்த்து வெவ்வேறு ஆளிடம் ஒப்படைத்தார்கள் என்பதே என் வாதம்.

விளக்கு நெய்யைப் பாருங்கள். ஒரு விளக்குக்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை இடையர் பொறுப்பில் விடப்பட்டன. ஓர் எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு என்ற ஈடு இதில் தெரிகிறது. நான்கு உழக்கு ஒரு நாழி என்பதால் ஆண்டுக்கு 90 நாழி நெய், அதாவது ஓர் ஆட்டுக்கு ஒரு நாழிக்கும் குறைவு. கறவை வற்றும் காலத்தையும் குட்டி ஈனாத ஆட்டையும் கணக்கில் வைத்துத்தான் இந்த எண்ணை முடிவு செய்திருக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகைய ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆடு சாகும், மூப்படையும். மந்தை மட்டும் அப்படி ஆகக் கூடாது. செத்த ஆட்டின் இடத்தில் குட்டியை வளர்த்து நிரப்புவது இடையர் பொறுப்பு, எண்ணுக்கு மேல் பெருகினால் அது அவருக்கு ஆதாயம். தஞ்சைக் கல்வெட்டுகளில் இடையரின் பெயரோடு அவருடைய உறவினர் பெயர்களும் சேர்ந்து வருகின்றன. ஒருவர் இறந்தாலும் விளக்கு அணையாதபடி கடமை ஒரு குடும்பத்தின் மீது ஏற்றப்பட்டது.

நெல்லுக்கு வழி வேறு. அழுகும் பழத்தை ஊருக்குள்ளேயே ஏற்பாடு செய்தவர்கள், காய்ந்து கிடக்கும் நெல்லைத் தொலைவிலிருந்தும் வரவழைத்தார்கள். ஊர்களின் காணிக்கடனே, அதாவது நிலவரியே, கோயிலுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்த காசுக்கு வட்டி சில இடத்தில் காசாகவும், சில இடத்தில் காசுக்கு முக்குறுணி நெல்லாகவும் வந்தது. அன்றைய விலை காசுக்கு இரண்டு கலம், அதாவது 24 குறுணி. மூன்று குறுணி என்பது அதே அரைக்கால்தான். காசாகத் தந்தாலும் நெல்லாகத் தந்தாலும் வட்டி மாறவில்லை. இப்படிப் பல ஊர் நெல் ஓரிடத்தில் வந்து சேரும்போது அளவு ஒன்றாக இருந்தாக வேண்டும். அதனால் ராஜகேசரி என்ற அளவுக்கு ஒத்த ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தார்கள். பொன்னை ஆடவல்லான் என்ற கல்லாலும், மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லாலும் நிறுத்தார்கள். இறைவன் பெயர் தாங்கிய அளவையில் குறைத்து அளக்க யாருக்கும் கை கூசியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்களுக்கும் இதே முறைதான். காவலரையும் கணக்கரையும் குறிப்பிட்ட ஊர்கள் அனுப்ப வேண்டும். கோயிலில் ஆடல் பணி செய்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தெருவும் வீடும் குறித்து, ஒருத்திக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல், என்று வகுத்தார்கள். ஒருத்தி இறந்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரை அவரே தேடித் தர வேண்டும். ஆள் விட்டுப் போகும் நாளைப் பணி தொடங்கும்போதே யோசித்து எழுதிய விதி இது.

இவையெல்லாம் பக்தியில் செய்த கொடை, இதைக் கொள்முதல் என்பது இன்றைய கண்ணாடியை அன்றைய முகத்தில் மாட்டுவது என்று ஒருவர் மறுக்கலாம். கொடுத்தவர் மனத்தில் பக்தி இருந்ததை நான் ஐயுறவில்லை. ஆனால் பக்திக்குக் காசுக்கு இத்தனை பழம் என்ற விலையும் மரக்காலின் பெயரும் தேவையில்லை. கொடையின் நோக்கம் பக்தி, அதை நடத்திய கை கணக்கருடையது. இரண்டும் ஒரே கல்லில் இருப்பதால் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. பேரரசின் வலிமைக்கு முன் ஊர்ச் சபையோ இடையரோ மறுத்திருக்க முடியுமா? 54,000 பழம் என்று எண்ணிக்கையில் கட்டிவிட்டால், வாழை விலை ஏறும் ஆண்டில் நட்டம் முழுவதும் வணிகருக்குத்தானே? கொள்ளைநோயில் மந்தை மடிந்தால் இடையர் என்ன செய்வார்? இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். நட்டத்தின் சுமை வலுத்தவரிடமிருந்து இளைத்தவருக்கு இறங்கியது. இதை நிறை என்று பேசக் கூடாது. எனினும் வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கோயிலில் குவிந்த பணமும் கால்நடையும் அங்கேயே முடங்காமல் ஊர்களுக்கும் இடையர்களுக்கும் திரும்பிச் சென்றன. காசு தேவைப்பட்ட ஊருக்கு எட்டில் ஒரு பங்கு வட்டியில் முதல் கிடைத்தது, மந்தை இல்லாதவருக்கு மந்தை கிடைத்தது. சுமையும் முதலும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். கடமை எவ்வளவு உறுதி என்பது அதைக் கேட்டு வாங்கும் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் பொறுத்தது. கடைத்தெரு வணிகர் கோயில் வாசலுக்கு அருகிலேயே இருந்தார். ஆனால் ஈழத்து ஊர்கள் சிலவும் நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் தரும்படி இதே கோயிலுக்கு விடப்பட்டிருந்தன. கடல் கடந்த அந்தக் கடமையையும் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கும் கல்லில்தான் வெட்டினார்கள். 1070 வாக்கில் சிங்கள மன்னன் விஜயபாகு சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றினான். அதன்பின் ஈழத்து நெல்லை ஆடவல்லான் மரக்காலில் அளக்கும் வேலை தஞ்சைக் கணக்கருக்கு இருந்திருக்க முடியாது. கல்லில் மட்டும் அந்த ஊர்களின் கணக்கு இன்றும் நிலுவையில் நிற்கிறது.