எடையும் இடையும்: உடற்கொழுப்பை அளந்த வரலாறு

சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டையை இலக்கிய வாசகர்கள் கம்பரை வைத்து அறிவார்கள். அவர் துயில் கொள்வதாக மரபு சொல்லும் இடம் அங்கேதான் இருக்கிறது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழாவின் நிறைவு நாள் நிகழ்ச்சி அங்கு நடைபெறுவதும் நாம் அறிந்ததே. நகரத்தாரோ அவ்வூரைக் கண்ணாத்தாளை வைத்து அறிவார்கள். தைப்பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று, கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலின் முன் புள்ளிக்கு ஒரு பானை வைத்துப் பொங்கலிடுவது அவர்களின் வழக்கம். மணமான ஒவ்வொருவரின் குடும்பமும் அங்கே ஒரு 'புள்ளி'. கோயிற் கணக்கின் அலகு அது. செல்வம் மிகுந்த வீடும் ஒரு புள்ளி. நொடித்துப்போன வீடும் ஒரு புள்ளி.

கணக்கில் ஏறியதும் வேற்றுமைகளை உதறிவிடும் இந்தப் 'புள்ளி' என்னும் சொல்லிலிருந்தே 'புள்ளியியல்' என்ற துறைப்பெயரையும் நாம் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். மனிதனை ஒரு புள்ளியாக்கி, பல புள்ளிகளின் ஊடே ஒரு கோட்டை இழுத்து, அந்தக் கோட்டைக் கொண்டு இன்னொரு மனிதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் கலை அது. உடற்கொழுப்பின் விழுக்காட்டை அளக்க முயன்றவர்களின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கோட்டின் வரலாறுதான். அதில் நம்மவர் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கொழுப்பு நம் முன்னோருக்குப் புதிதன்று. நிணம், வழும்பு, விழுக்கு என்று அதற்குப் பல பெயர்கள் தமிழில் உண்டு. உடலைத் தாங்கும் ஏழு கட்டுகளைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என வரிசைப்படுத்தும் சித்த மருத்துவம் கொழுப்புக்கு நான்காம் இடத்தைத் தந்தது. பழிக்கத்தக்க எட்டு வகை உடலினரைப் பட்டியலிடும் சரக சம்ஹிதை, மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் அருகருகே வைத்தது. செருக்குற்றவனைப் பார்த்துக் 'கொழுப்பு' என்று சொல்லும் நம் பேச்சு வழக்கும், கொழுப்பு ஓர் அளவில் நிற்கவேண்டிய பொருள் என்பதை உணர்ந்தே பிறந்திருக்க வேண்டும். ஆனால் வைத்தியரின் அளவுகோல் கண்ணும் கையும் நாடியும்தான். உடலுக்குள் இருக்கும் கொழுப்புக்கு ஓர் எண்ணைச் சூட்டும் ஆசை பின்னால் வந்தது.

அந்த ஆசைக்கு வித்திட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே. வானியலாளரான அவர், வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் இருமடிக்கு ஒத்துச் செல்கிறது என்று 1830களில் கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அன்று. அவருடைய வாய்பாட்டை எடுத்து 'உடல் நிறைக் குறியீட்டெண்' என்று பெயரிட்டவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ், ஆண்டு 1972. எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடியால் வகுத்தால் முடிந்தது. தராசும் நாடாவும் போதும் என்பது இதன் பெருமை. கொழுப்பையும் தசையையும் என்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது இதன் குறை.

இந்தக் குறை போர்க்காலத்திலேயே வெளிப்பட்டது. உயர எடை அட்டவணைப்படி அமெரிக்கப் படைக்கு ஆளெடுத்த நாட்களில், 25 தொழில்முறைக் கால்பந்து வீரர்களை கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கி சோதித்தார். அவர்களில் 17 பேர் அட்டவணையின் கணக்கில் அளவுமீறிப் பருத்தவர்கள், படைக்குத் தகுதியற்றவர்கள். பென்கி அவர்களை நீருக்குள் அமிழ்த்தி எடையிட்டார். எடை மிகுதிக்குக் காரணம் தசையே என்று தெரிந்தது. 1942இல் அவரும் வெல்ஹாமும் இம்முடிவை வெளியிட்டார்கள்.

நீரில் எடையிடும் உத்தி ஆர்க்கிமிடீசின் காலத்தது. பொன்னில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று அவர் கேட்ட கேள்வியைத்தான் பென்கி மனித உடலைப் பார்த்துக் கேட்டார். வட்டித் தொழிலும் நகையும் அறிந்த செட்டிநாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உரைகல்லில் உரசி மாற்றுக் காணலாம். நீரில் அமிழ்த்தி அடர்த்தி காணலாம். உருக்கிப் பிரித்து உள்ளதைக் காணலாம். உருக்கினால் உண்மை தெரியும், நகை இராது. மனிதனின் நிலையும் அதுவே. கொழுப்பை நேரில் பிரித்து எடையிட வேண்டுமானால் உடலை அறுத்தாக வேண்டும். உயிருள்ளவருக்கு நாம் செய்வதெல்லாம் உரைகல் வேலைதான்.

பென்கியின் அடர்த்தியை விழுக்காடாக மாற்றும் வாய்பாட்டைத் தந்தவர் கலிபோர்னியாவின் வில்லியம் சிரி. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்ற அனைத்தின் அடர்த்தி 1.1 என்று வைத்துக்கொண்டார். 495ஐ உடலின் அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு கிடைக்கும். அடர்த்தி 1.05 என்றால் கொழுப்பு ஏறத்தாழ 21.4 விழுக்காடு. அடர்த்தி 1.06 என்றால் ஏறத்தாழ 17. இரண்டாம் தசம இடத்தில் ஒரே ஓர் எண் மாறினால், கொழுப்பில் நாலரை விழுக்காடு மாறிவிடுகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் நுரையீரலில் எஞ்சிய காற்றில் ஒரு லிட்டரைக் கணக்கிடத் தவறினால், அவர் ஏழு விழுக்காடு கூடுதலாகக் கொழுத்துவிடுவார். நீருக்கடியில் மூச்சை முழுவதும் விட்டுவிட்டு அசையாமல் இருக்கச் சொல்வது இதனால்தான். முதியவரையும் நோயாளியையும் அப்படி இருக்கச் சொல்ல முடியுமா?

இன்னும் ஆழமான சிக்கல் அந்த 1.1 என்ற எண்ணில் இருக்கிறது. கொழுப்பு நீங்கலான உடல், அதாவது என்பும் தசையும் நீரும் சேர்ந்த பகுதி, எல்லா மனிதருக்கும் ஒரே அடர்த்தி உடையதா? பிரஸ்ஸல்ஸில் கிளாரிஸ், மார்ட்டின், டிரிங்க்வாட்டர் ஆகியோர் 25 சடலங்களைத் திசு திசுவாகப் பிரித்து எடையிட்டு, 1984இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொன்னை உருக்கிப் பார்த்த ஆய்வு அது. தசையின் பங்கும் என்பின் பங்கும் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டன. மாறாதது என்று கொண்ட எண் மாறியது. ஒருவருடைய கொழுப்பற்ற உடலின் அடர்த்தி 1.09 என்று வைத்துக் கணக்கிட்டால், மேலே 21.4 என்று வந்த விழுக்காடு 18 ஆகச் சுருங்குகிறது. கொழுப்பு அப்படியே இருக்கிறது. நம் நம்பிக்கைதான் மாறியிருக்கிறது.

நீர்த்தொட்டியை எங்கும் தூக்கிச் செல்ல முடியாது. எனவே எளிய உரைகற்கள் வந்தன. கிளாஸ்கோவில் டர்னினும் வோமர்ஸ்லியும் 16 முதல் 72 வயது வரையிலான 481 பேரின் தோல்மடிப்பை இடுக்கியால் நான்கு இடங்களில் அளந்து, நீரில் எடையிட்ட அளவோடு பொருத்தி, 1974இல் சமன்பாடுகளைத் தந்தார்கள். மேற்கையின் முன்னும் பின்னும், தோள்பட்டைக்குக் கீழும், இடுப்பெலும்புக்கு மேலும் பிடித்த மடிப்புகள் அவை. தம் முறையின் பிழையையும் அவர்கள் மறைக்கவில்லை: பெண்களுக்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, ஆண்களுக்கு 5 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். உலகெங்கும் இச்சமன்பாடுகளைப் பயன்படுத்தியவர்கள் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். பிழையைக் கிளாஸ்கோவிலேயே விட்டுவிட்டார்கள். இடுக்கி தோலுக்கடியில் உள்ளதைப் பிடிக்கும். குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் படிந்த கொழுப்பு அதன் பிடிக்கு அகப்படாது.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களிலும் மருந்துக் கடைகளிலும் காணும் தட்டு வேறு வழியில் செல்கிறது. நாம் உணராத அளவு சிறிய மின்னோட்டத்தை உடலில் செலுத்தி அது தடைபடும் அளவைப் பார்க்கிறது. நீர் மிகுந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். ஆகவே கருவி அளப்பது தடையை. அதிலிருந்து நீரை ஊகிக்கிறது. நீரிலிருந்து கொழுப்பற்ற உடலை ஊகிக்கிறது. அதை எடையிலிருந்து கழித்துக் கொழுப்பைச் சொல்கிறது. கொழுப்பற்ற உடலில் ஏறத்தாழ 73 விழுக்காடு நீர் என்ற எண், 1945இல் பேஸும் ராத்பனும் கினிப்பன்றி முதலிய விலங்குகளில் கண்டதிலிருந்து வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு விழுக்காடும், விருந்துண்டு நீரருந்திய பின் வேறொரு விழுக்காடும் காட்டுவது கருவியின் குற்றமன்று. அது சொல்வது நீரின் கதை. கால்களை மட்டும் தட்டில் வைக்கும் கருவியில் மின்னோட்டம் பெரும்பாலும் கால்கள் வழியே சென்று திரும்புகிறது. வயிற்றைப் பற்றி அது பேசுவது ஊகத்தின் மேல் ஊகம்.

இரு ஆற்றல் நிலைகளில் எக்ஸ்-கதிரைச் செலுத்தும் டெக்சா, 1980களின் பிற்பகுதியில் என்பின் திண்மையை அளக்கப் பரவியது. பின்பு கொழுப்பையும் அளக்கத் தொடங்கியது. கொழுப்பு எங்கே இருக்கிறது என்று பகுதி பகுதியாகக் காட்டும் திறன் இதற்கு உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி சொல்வதை மற்றொன்று அப்படியே சொல்வதில்லை. அடர்த்தி, நீர், என்பின் தாது மூன்றையும் தனித்தனியே அளந்து ஒன்றுகூட்டும் நாற்கூற்று முறையே உயிருள்ளவரிடம் நாம் அடையக்கூடிய மிகச் சிறந்த உரைகல். செலவும் உழைப்பும் கருதி அது ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிட்டது.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 2004இல் 'லான்செட்' இதழ் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. அட்டவணையின்படி இருவரும் சரியான எடையினர். டெக்சா சொன்னது வேறு: யட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. பென்கியின் வீரர்கள் கொழுக்காமலே கொழுத்தவர் என்று ஒதுக்கப்பட்டார்கள். நம்மவரோ கொழுத்திருந்தும் மெலிந்தவர் என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரே எண்ணின் இரு பிழைகள் இவை.

இது ஒருவரின் தனிக்கதை அன்று. செட்டிநாட்டார் கொண்டுவிற்கச் சென்ற சிங்கப்பூரில், சீனர், மலாயர், இந்தியர் ஆகியோரை நாற்கூற்று முறையில் அளந்த டியூரன்பர்க்-யாப் குழுவினர், குறைந்த குறியீட்டெண்ணிலும் மிகுந்த கொழுப்பு என்னும் முரணை 2000இல் எடுத்துக்காட்டினார்கள். மேலையர்க்கு 30 என்று வகுத்த பருமனின் எல்லை, அங்குள்ள இந்தியர்க்கு 26 அளவில் அமையவேண்டும் என்பது அவர்கள் கண்டது. சிங்கப்பூர் இந்தியரில் பெரும்பான்மையினர் தமிழர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். புனேயை ஒட்டிய சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதியது இன்னும் துயரமானது. இங்கே சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்திருந்தன; தோளடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறைகளின் வறுமை கருவறைக்குள்ளேயே இந்தக் கணக்கை எழுதிவிடுகிறதோ என்ற ஐயம் அங்கிருந்து எழுகிறது.

'ஒல்லியாகத்தானே இருக்கிறார், அவருக்கா சர்க்கரை?' என்ற கேள்வியை நம் ஊர்களில் கேட்காதவர் யார்? அக்கேள்விக்குப் பின்னால் தவறான இடத்தில் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் வல்லுநர் குழு 2004இல் ஆசியர்க்கு 23ஐயே எச்சரிக்கைப் புள்ளியாகக் கொள்ளலாம் என்றது. இந்திய மருத்துவர்களின் 2009ஆம் ஆண்டுக் கூட்டறிக்கை 23, 25 என்ற எல்லைகளோடு, இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்ற வரம்பையும் வைத்தது. 2025 ஜனவரியில் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, குறியீட்டெண்ணை மட்டும் வைத்து ஒருவரைப் பருமன் நோயர் என்று தீர்ப்பளிக்கக் கூடாது, கொழுப்பை நேரில் அளக்கவோ இடுப்பளவு போன்ற இன்னோர் அளவைச் சேர்த்துப் பார்க்கவோ வேண்டும் என்று வலியுறுத்தியது.

இடையை 'உண்டோ இல்லையோ' என்று ஐயுற்றுப் பாடுவது நம் கவி மரபு. எடையிலிருந்து புறப்பட்ட மருத்துவம் நீர்த்தொட்டி, இடுக்கி, மின்தட்டு, எக்ஸ்-கதிர் எல்லாம் சுற்றி இடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு நாடா விழுக்காடு எதையும் சொல்லாது. தசம இடங்களைக் காட்டி மயக்காது. ஆனால் வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு எங்கே ஆபத்தாகிறதோ அந்த இடத்தைச் சுற்றி வருகிறது. விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. ஒரே கருவியில், ஒரே வேளையில், ஒரே நிலையில் மாதந்தோறும் அளந்தால், அது சொல்லும் எண் பிழையாக இருந்தாலும் ஏற்ற இறக்கத்தின் திசையை நம்பலாம். நம்பக்கூடாதது ஒரு நாளில் ஒரு தட்டு காட்டிய 24.7 என்ற எண்ணை. அதை 20க்கும் 29க்கும் இடையே என்று வாசிக்கப் பழகவேண்டும்.

கோயிற் கணக்கில் எல்லாப் புள்ளியும் சமம் என்பது அறம். மருத்துவக் கணக்கில் எல்லாப் புள்ளியும் சமம் என்று கொள்வது பிழை. அதற்கான விலையைக் கிளாஸ்கோவும் பிரஸ்ஸல்ஸும் கொடுக்கவில்லை, மெலிந்த உடலோடு மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நம்மவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.