சாதாரணப் பொண்ணுங்களா திரும்பிப் போறோம்!

"என்னடா இது, ஒரே நேரத்துல பத்துப் பொண்ணுங்க கத்தறாங்க?"

நான் ஜப்பான் பாட்டு கேட்க ஆரம்பித்த புதிதில் எங்க அக்கா அடித்த கமெண்ட் இது. பத்து இல்லக்கா, எட்டுதான்னு திருத்தினேன். அடி விழாதது அதிசயம் :-) பாட்டு, மார்னிங் முசுமே குழுவின் 'லவ் மெஷின்'. 1999 செப்டம்பரில் வந்து 16 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பாட்டு. ஜப்பான் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், நாடே எழுந்து ஆடின மாதிரி ஒரு துள்ளல்.

ஆனா என்னைக் கட்டிப் போட்டது பாட்டு இல்லை, அந்தக் குழு பிறந்த கதை. 1997-ல் 'அசாயான்' என்ற டிவி நிகழ்ச்சியில் ராக் பாடகி தேர்வு நடந்தது. ஜெயித்தவர் ஒருத்தர். தோற்றவர்களில் அஞ்சு பேரைக் கூப்பிட்டு இசையமைப்பாளர் சுன்கு ஒரு பந்தயம் வைத்தார்: அஞ்சு நாளில் 50,000 சிடியை நீங்களே நேரில் நின்று விற்றுக் காட்டினால் குழுவாக அறிமுகம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நாலே நாளில் விற்று முடித்தார்கள். அதில் மூத்தவருக்கு வயது 24, இளையவருக்கு 12!

தோத்தவங்க ஜெயிக்கிற கதைக்கு யார்தான் மயங்க மாட்டாங்க? நானும் விழுந்தேன். மொழி சுத்தமா புரியாது. பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணினேன். அவங்க வாக்கியத்திலும் வினைச்சொல் நம்மைப் போலக் கடைசியில்தான் வரும் என்று கண்டுபிடித்த நாளில் வந்த சந்தோஷம் இருக்கே!

இந்த மயக்கம் எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போய்த்தான் பழைய வரலாறு கிடைத்தது. 'ஐடல்' என்ற சொல் ஜப்பானில் பரவியது ஒரு பிரெஞ்சுப் படத்தால். பாடகி சில்வி வர்த்தான் நடித்த அந்தப் படம் 1964-ல் அங்கே வெளியானபோது, ஜப்பானியத் தலைப்பிலேயே 'ஐடல்' இருந்தது. அவங்க வாயில் அது 'ஐதோரு'. 1971-ல் 'ஸ்டார் தஞ்ஜோ' டிவி நிகழ்ச்சி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையேறிப் பாடுவார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் நிறுவனங்களின் ஆட்கள், பிடித்திருந்தால் தங்கள் நிறுவனத்தின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்குவார்கள். ஒரு அட்டையும் எழும்பாவிட்டால் அழுதுகொண்டே இறங்க வேண்டியதுதான். அந்த மேடையிலிருந்து வந்து, 1973-ல் 14 வயதில் முதல் பாட்டை வெளியிட்டவர்தான் மொமோயே யமகுச்சி.

பாடகி என்றால் நன்றாகப் பாடத் தெரிந்த பிறகு நம் முன்னால் வருவார். ஐடல் அப்படி இல்லை. அரைகுறையாக வருவார், நம் கண் முன்னாலேயே தேறுவார். ரசிகன் காசு கொடுத்து வாங்குவது அந்த வளர்ச்சியைப் பார்க்கும் சுகத்தை. வம்பு அங்கேதான் ஆரம்பம். 'நான் பார்த்து வளர்ந்த பொண்ணு' என்பது, கொஞ்ச நாளில் 'எனக்குச் சொந்தமான பொண்ணு' ஆகிவிடும்.

எனக்கே ஆனது. 2004 ஜனவரியில், தொடக்கத்திலிருந்து இருந்த ஆபே நட்சுமி மார்னிங் முசுமேயை விட்டு விலகினார். இதற்கு அவங்க வைத்திருக்கும் பெயர் 'பட்டமளிப்பு', அதாவது பள்ளிப் படிப்பை முடித்துக் கிளம்புவது போல. அழகான பெயர்தான். ஆனா சேதி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம். நாங்க இத்தனை பேர் இருக்கும்போது எப்படிப் போகலாம்? அந்த 12 வயதுச் சிறுமி படிப்புக்காக 1999-லேயே விலகிவிட்டாள் என்று படித்தபோதும், பாராட்டத் தோன்றவில்லை. 'அடடா, போச்சே' என்றுதான் தோன்றியது.

அந்தக் கோபத்தை இறக்கி வைத்தது கேண்டீஸ் கதை.

இட்டோ ரான், தனகா யோஷிகோ, ஃபுஜிமுரா மிகி. 1973-ல் முதல் பாட்டு. நாலரை வருஷம் தூக்கமில்லாத ஓட்டம். கல்லூரி மாணவர்கள்தான் பெரிய ரசிகர் படை. நம்மூர் ரசிகர் மன்றம் தோற்றுப்போகும்! நாடு முழுக்க ஒரு கூட்டமைப்பே வைத்திருந்தார்கள். ரானுக்குச் சிவப்பு, யோஷிகோவுக்கு நீலம், மிகிக்கு மஞ்சள் என்று காகித நாடாச் சுருள்களை மேடையை நோக்கி வீசுவார்கள்.

1977 ஜூலை 17, டோக்கியோ ஹிபியா பூங்காவின் திறந்தவெளி அரங்கம். கச்சேரி நடுவில், அழுதுகொண்டே, தாங்கள் பிரியப் போவதாக மூவரும் அறிவித்தார்கள். சாதாரணப் பெண்களாகத் திரும்பணும் என்று ரான் கதறியது ஜப்பான் முழுக்கப் பரவியது. அப்போ மூவருக்கும் வயது 21, 22. முதலில் சொன்ன கெடு செப்டம்பர். நிறுவனத்தோடு பேச்சு நடந்து, அடுத்த ஏப்ரல் வரைக்கும் போனது.

ரசிகர்கள் என்ன செய்திருக்கலாம்? என்னை மாதிரி கோபப்பட்டிருக்கலாம். போகாதேன்னு வழி மறித்திருக்கலாம். அவங்க செய்தது வேறு. கேண்டீஸ் பாட்டு எதுவும் அதுவரை ஒரிகான் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததில்லை. சரி, போறதுக்கு முன்னால ஒரு முதலிடத்தைக் கையில் கொடுத்து அனுப்புவோம்னு கிளம்பினார்கள். 1978-ல் வந்த கடைசிப் பாட்டு 'ஹோஹோஎமி காஎஷி' முதலிடம் பிடித்தது. முதலும் கடைசியுமாக. ஏப்ரல் 4 அன்று கொராகுயென் பேஸ்பால் மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் கூடி வழியனுப்பினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மொமோயேவும் போனார். 1980 அக்டோபர் 5, புடோகான் அரங்கம். கடைசிப் பாட்டு முடிந்ததும் வெள்ளை மைக்கை மேடைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். வயது 21. அடுத்த மாதம் கல்யாணம். அப்புறம் மேடை ஏறவே இல்லை.

பிறகு காலம் மாறியது. 2005 டிசம்பரில் டோக்கியோ அகிஹபாராவில், ஒரு கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், 250 பேர் கொள்ளும் அரங்கில் ஏகேபி 48 தொடங்கியது. தினமும் நேரில் பார்க்கலாம், சிடி வாங்கினால் கைகுலுக்கலாம். 2009 முதல் 2018 வரை தேர்தலும் வைத்தார்கள். ஓட்டுச் சீட்டு சிடிக்குள்ளேயே வரும், அதனால் ஒருத்தரே பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். சொந்தம் கொண்டாடும் ஆசைக்கு விலைச்சீட்டு ஒட்டின மாதிரி. காதல் கூடாது என்ற விதி வேறு. 2013-ல் ஒரு ஆணின் வீட்டில் இரவு தங்கியதாகப் பத்திரிகையில் வந்ததும், தொடக்க கால உறுப்பினர் ஒருவர் தலையை மொட்டையடித்துக்கொண்டு வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். அதை என்னால் முழுசாப் பார்க்க முடியவில்லை. யாரிடம் மன்னிப்பு கேட்கிறார்? என்னை மாதிரி ஆளுங்ககிட்டத்தானே? 'எப்படிப் போகலாம்' என்ற என் 2004 கோபம்தான் அங்கே விதியாகி உட்கார்ந்திருக்கிறது என்று பட்டது. இன்றைக்கும் உறுத்துகிறது.

கேண்டீஸ் மூவரும் பிரிந்த பிறகு என்ன ஆனார்கள்? ரானும் யோஷிகோவும் நடிகைகளாகத் திரும்பினார்கள். இமமுரா ஷோஹெய் 1989-ல் எடுத்த 'கறுப்பு மழை' படத்தில், ஹிரோஷிமா குண்டின் நிழலில் வாழும் பெண்ணாக யோஷிகோ நடித்தார். பார்த்திருக்கீங்களா? அவசியம் பாருங்க. ஐடல் என்ற ஞாபகமே வராது.

2011 ஏப்ரலில் யோஷிகோ மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இறுதிச் சடங்கில், சாவதற்குச் சில வாரம் முன்பு அவர் பதிவு செய்த குரலை ஒலிபரப்பினார்கள். தன் வலியைப் பேசும் முன்னால், அந்த மார்ச்சில் வந்த நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களை நினைத்துப் பேசியிருந்தார். ரானும் மிகியும் வந்து பேசினார்கள். உடல் ஏற்றிய வண்டி கிளம்பியபோது, வெளியே காத்திருந்த பழைய ரசிகர்கள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே நீல நாடாக்களை வீசினார்கள். கல்லூரிப் பையன்களாக இருந்தவர்கள் எல்லாம் ஐம்பது தாண்டிய ஆட்கள். 33 வருஷம் முன்னால் வழியனுப்பியவரைத் திரும்பவும் ஒருமுறை வழியனுப்ப வந்திருந்தார்கள்.

ரசிகனாக இருப்பது எப்படின்னு எனக்குக் கற்றுக்கொடுத்தது அவங்கதான். இப்பவும் யாராவது 'பட்டமளிப்பு' என்று அறிவித்தால் முதலில் சுருக்குன்னுதான் இருக்கும். 'ஹோஹோஎமி காஎஷி'யை ஒருதரம் போட்டுக் கேட்பேன். அப்புறம், நல்லபடியா போயிட்டு வாம்மா என்று சொல்ல முடிகிறது.