குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல்: நோய்க்கிருமியே தடுப்பு மருந்தானது எப்படி?

போருக்குப் பின்னர் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்களின் கணக்கு பெரும்பாலும் குஞ்சு கைமாறிய அன்றோடு முடிந்துவிடும். வளர்ப்பவருக்குச் சோதனை வருவது மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான். குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். தீனி எடுக்காது. எச்சத்தில் இரத்தம் தெரியும். அதன்பின் ஓரிரு நாட்களிலேயே சாவு தொடங்கிவிடும்.

இரத்தக் கழிச்சல் என்று சொல்லப்படும் இந்நோய் கொக்சிடியோசிஸ் ஆகும். இதற்குக் காரணம் பக்டீரியாவும் அல்ல, வைரசும் அல்ல. ஐமேரியா என்னும், கண்ணுக்குத் தெரியாத ஒருகல ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் ஐமேரியாவில் 7 இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குடலில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிகவும் அஞ்சப்படுவது குருட்டுக்குடலைத் தாக்கும் ஐமேரியா தெனெல்லா. எச்சத்தில் நாம் காணும் இரத்தம் பெரும்பாலும் அதன் வேலைதான்.

நோயுற்ற கோழியின் எச்சத்தோடு தடித்த ஓடுள்ள முட்டை போன்ற வடிவில் இந்த ஒட்டுண்ணி வெளியே வருகிறது. அதை ஓசிஸ்ட் என்பர். வெளிவந்த உடனே அது தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாட்களில் முதிர்ந்து, உள்ளே 8 நுண்ணுயிர்கள் உருவாகிவிடும். தரையைக் கொத்தும் குஞ்சு அதை விழுங்கியதும் அவை குடற்சுவரின் கலங்களுக்குள் புகுந்து பெருகுகின்றன. ஒரு கலம் வெடித்தால் நூற்றுக்கணக்கானவை வெளிவந்து அடுத்த கலங்களுக்குள் புகும். தெனெல்லாவில் இரண்டாவது தலைமுறை வெடிக்கும்போதுதான், அதாவது தொற்றி ஐந்தாம் நாளளவில், இரத்தக் கசிவு தொடங்குகிறது. இந்த இரண்டாம் தலைமுறைதான் கதையின் திறவுகோல்.

தப்பிப் பிழைத்த கோழிக்கு அதே இனத்தின் தொற்று மீண்டும் பெரிதாக எதுவும் செய்யாது என்பது நெடுங்காலமாகவே தெரிந்த விடயம். அப்படியானால் சிறிதளவு ஓசிஸ்டை நாமே கொடுத்துவிட்டால் என்ன? 1952இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொக்சிவக் இந்த எண்ணத்தில் பிறந்தது. ஆனால் அதில் இருந்தவை வீரியம் குறையாத ஒட்டுண்ணிகள். எல்லாக் குஞ்சுக்கும் ஒரே அளவு போய்ச்சேராவிட்டால் மருந்தே நோயாகிவிடக்கூடிய ஆபத்து இருந்தது. அதனால் உலகின் பெரும்பாலான பண்ணைகள் தீனியில் மருந்து கலக்கும் வழியைத்தான் பிடித்துக்கொண்டன. ஒட்டுண்ணியோ ஒவ்வொரு மருந்துக்கும் காலப்போக்கில் பழகிக்கொண்டது.

திருப்பம் 1975இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் தோமஸ் ஜெஃபர்ஸ் குஞ்சுகளுக்குத் தெனெல்லாவைக் கொடுத்து, எச்சத்தில் எல்லாவற்றுக்கும் முந்தி வெளிவந்த ஓசிஸ்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். அவற்றை அடுத்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார். மறுபடியும் முந்தி வந்தவற்றையே எடுத்தார். இப்படிப் பலமுறை செய்தபோது, அவசரக்காரர்கள் மட்டுமே கொண்ட ஒரு வழி உருவாகியது. வழக்கத்தைவிடப் பல மணித்தியாலம் முன்னதாகவே அவை வாழ்க்கைச் சுற்றை முடித்தன. அந்த அவசரத்துக்கு அவை கொடுத்த விலை பெருக்கம்தான். குடலைக் கிழிக்கும் பின் தலைமுறைகள் குறைந்தன அல்லது சிறுத்துப் போயின. ஆனாலும் கோழியின் உடல் எதிரியை அடையாளம் கண்டுகொள்ள அந்தச் சிறு தொற்றே போதுமாயிருந்தது. இந்தக் குணம் பரம்பரையாகத் தொடர்வதுதான் இதன் பெரிய பலம்.

இங்கிலாந்தின் ஹூட்டன் கோழி ஆய்வு நிலையத்தில் மார்ட்டின் ஷேர்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே வழியை மற்ற இனங்களுக்கும் விரித்தனர். அதன் பயனாகப் பரகொக்ஸ் என்னும் தடுப்பு மருந்து 1980களின் இறுதியில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. 7 இனங்களுக்கு அதில் 8 வழிகள் சேர்க்கப்பட்டன. ஓர் இனத்துக்கு எதிரான பாதுகாப்பு இன்னோர் இனத்தைத் தடுக்காது என்பதால் எல்லாமே தேவைப்பட்டன. ஐமேரியா மக்சிமா என்ற இனத்தில் மட்டும் ஒரு வகைக்கான எதிர்ப்பு மற்ற வகைக்கு முழுமையாக உதவாததால் இரண்டு வழிகள்.

இது ஊசி அல்ல. குடிநீரிலோ தீனியிலோ கொடுக்கலாம், குஞ்சின் மேல் தெளிக்கலாம். ஒரு தடவை கொடுத்ததோடு வேலை முடிவதுமில்லை. குஞ்சு அந்தப் பலவீனமான ஒட்டுண்ணியை எச்சத்தில் வெளியேற்றி, அது தரையில் முதிர்ந்து, குஞ்சு அதை மீண்டும் விழுங்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று இப்படி நடந்தால்தான் எதிர்ப்புச் சக்தி உறுதிப்படும். ஆகவே கம்பித் தரையில் வளரும் குஞ்சுக்கு இதனால் முழுப் பயன் இல்லை. அந்த வாரங்களில் கொக்சிடியா எதிர்ப்பு மருந்து கலந்த தீனி கொடுத்தால் மருந்து தடுப்பு மருந்தையே கொன்றுவிடும். குஞ்சுத் தீனி பலவற்றில் அம்மருந்து ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் பையிலுள்ள விபரத்தை வாசித்துப் பார்ப்பது நல்லது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. தடுப்பு மருந்து ஒட்டுண்ணிகள் மருந்துகளுக்குப் பழகாதவை. அவை பண்ணைத் தரையில் நிறையும்போது, மருந்துக்கு அடங்காத பழைய கூட்டத்தின் இடத்தைப் பிடித்துவிடுகின்றன. பயனிழந்த பழைய மருந்துகள் அதன் பின்னர் மீண்டும் வேலை செய்வது அவதானிக்கப்பட்டுள்ளது.

இருபது குஞ்சு வளர்ப்பவருக்கு இவையெல்லாம் எட்டுமா? ஒரு போத்தல் ஆயிரம் குஞ்சுகளுக்கென வருகிறது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. தனி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் குஞ்சு பொரிக்கும் நிலையத்திலேயே முதல் நாளில் தெளித்துவிட்டுக் கொடுக்க முடியும். வாழ்வாதாரத் திட்டங்கள் குஞ்சு வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கலாம். குஞ்சின் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் இதையும் ஏன் கேட்கக்கூடாது?

தடுப்பு மருந்து பெறாத குஞ்சென்றால் ஈரம்தான் முதல் எதிரி. கார்த்திகை, மார்கழி மழையில் கூட்டுத்தரை நனைந்தால் ஓசிஸ்டுக்கு அது கொண்டாட்டம். தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு உயர்த்தி வையுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். பெரிய கோழிகள் நோய் காட்டாமலே ஓசிஸ்டைச் சுமக்கும், ஆகவே குஞ்சைத் தனியே வையுங்கள். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு ஓசிஸ்ட் அசையாது. பாத்திரங்களுக்குக் கொதிநீர்தான் மருந்து. எச்சத்தில் இரத்தம் கண்டால் அடுத்த நாள் வரை காத்திராமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். குஞ்சு இறந்திருந்தால் புதைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். குருட்டுக்குடலை வெட்டிப் பார்த்தாலே தெனெல்லாவா இல்லையா என்று வைத்தியரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.