பத்தியமும் கஞ்சியும்: நோயுற்ற வயிற்றுக்கு உணவூட்டல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

‘பத்தியம்’ என்னும் சொல் இன்றைய பேச்சு வழக்கில், நோயுற்ற காலத்தில் உண்ணக் கூடாதவற்றையே பெரிதும் நினைவூட்டுகிறது. ஆயின், வழி எனப் பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்த ‘பத்ய’ என்பதற்குச் சரக சங்கிதை தரும் விளக்கம் வேறாகும். உடலின் வழிகளுக்குக் கேடு செய்யாததும், மனத்திற்கு உவப்பானதுமே பத்தியம் என்பது அந்நூலின் கருத்து. அதாவது, பத்தியம் முதற்கண் உண்ணத்தக்கது பற்றியதே; விலக்கு அதன் மறுபக்கம். வயிற்றுப்போக்கினின்று தேறுவோர்க்கு இந்திய மரபில் வகுக்கப்பட்ட உணவுமுறையையும், அது பட்டினியாகத் திரிந்தபோது நேர்ந்ததையும், இருபதாம் நூற்றாண்டு மருத்துவ ஆய்வு அதனை எவ்வாறு மதிப்பிட்டது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பௌத்த நூல்களில் கஞ்சி

பாலி மொழியிலமைந்த விநயபிடகத்தின் மகாவக்கப் பகுதி, துறவியர்க்குரிய மருந்துகளைப் பற்றித் தனி இயலொன்றைக் கொண்டுள்ளது. புத்தர் இராசகிருகத்தில் வயிற்று வாயுவால் வருந்தியபோது, எள், அரிசி, பச்சைப்பயறு ஆகிய மூன்றும் சேர்ந்த கஞ்சியை ஆனந்தர் காய்ச்சித் தந்த செய்தி அங்கு இடம்பெறுகிறது. முன்னரும் அக்கஞ்சியால் அந்நோய் தணிந்ததை ஆனந்தர் அறிந்திருந்தார். எனினும், பொருள்களை உறைவிடத்தினுள் வைத்துத் தாமே சமைத்தமைக்காகப் புத்தர் அவரைக் கடிந்துகொண்டார். கடியப்பட்டது சமைத்த முறையே, கஞ்சியன்று. அதே இயலின் பிறிதோரிடத்தில் கஞ்சியின் பத்துப் பயன்கள் அடுக்கப்படுகின்றன. பசியையும் நீர்வேட்கையையும் தணித்தல், வாயுவைச் சீர்செய்தல், எஞ்சிய உணவைச் செரிப்பித்தல் ஆகியன அவற்றுட் சில. உணவும் மருந்தும் ஒன்றாய் அமைந்த பொருளாகக் கஞ்சி கருதப்பட்டமை இதனாற் புலனாகிறது.

சரகரின் படிமுறை

இதனை ஒழுங்குபட்ட முறையாக வளர்த்தவர்கள் ஆயுர்வேத நூலோர் எனலாம். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து இரண்டாம் இயல் 28 வகைக் கஞ்சிகளைக் கூறுகிறது. கஞ்சி அதன் செறிவு நோக்கிப் பெயர் பெற்றது. பருக்கையின்றி வடித்த தெளிநீர் ‘மண்டம்’. சில பருக்கைகளுடன் நீர்த்திருப்பது ‘பேயா’. பருக்கை மிக்குக் குழைந்திருப்பது ‘விலேபி’. மண்டத்திற்கு அரிசியைப்போல் 14 மடங்கும், விலேபிக்கு 4 மடங்கும் நீர் சேர்க்க வேண்டும் என்பது மருத்துவ நூல்கள் வழங்கும் அளவு.

வாந்தி, பேதி ஆகியவற்றால் உடலைத் தூய்மை செய்தபின் மேற்கொள்ள வேண்டிய உணவு வரிசையும் அந்நூலில் வகுக்கப்பட்டுள்ளது. முதலில் பேயா, அடுத்து விலேபி, பின்னர்ப் பயற்றுச் சாறு, அதன்பின் இறைச்சிச் சாறு எனப் படிப்படியாக ஏறி, ஏழு நாள்களில் நோயாளர் இயல்பான உணவை அடைகிறார். சிறு தீயைப் புல்லும் வறட்டியும் இட்டுச் சிறிது சிறிதாக வளர்ப்பது போலவே செரிமானத் தீயையும் வளர்க்க வேண்டும் என்னும் உவமை இதன் காரணத்தை உணர்த்துகிறது.

அதிசாரம் எனப்படும் வயிற்றுப்போக்கிலும் இவ்வணுகுமுறையே காணப்படுகிறது. நோய் சிறிதாயின் முதலில் உண்ணாமை கூறப்படுகிறது. எனினும் பசி தோன்றியதும் உரிய வேளையில் எளிய உணவு தரப்பட வேண்டும். நெடுநாள் செரிமானக் கோளாறுக்கு மோர் சிறந்ததாகக் கூறப்படுகிறது. ஆகவே, உண்ணாமை இம்முறையின் வாயிலாக இருந்ததேயன்றி முழுமையாக இருந்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கோவாவில் ஒரு சான்று

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குப் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் நூல் சான்றாகிறது. 1563இல் கோவாவில் அச்சான அந்நூல், வாந்தியும் பேதியுமாகிய கொடிய நோய்க்கு உள்நாட்டு மருத்துவர் தரும் சிகிச்சையைக் குறிப்பிடுகிறது. மிளகும் சீரகமும் கலந்த அரிசி நீரை அவர்கள் குடிக்கத் தந்தனர் என்றும், அதற்குக் ‘கஞ்சி’ என்று பெயர் என்றும் அவர் எழுதியுள்ளார். கஞ்சி என்னும் தென்னாட்டுச் சொல் ஐரோப்பிய மொழிகளில் புகுந்த தொடக்க காலத்திலேயே நோயாளியின் உணவாகப் பதிவுபெற்றமை எண்ணத்தக்கது.

பட்டினியும் அதன் விளைவும்

1817இல் வங்காளத்தில் தொடங்கிய காலராப் பெருந்தொற்றின்போது, ஐரோப்பிய மருத்துவர்கள் இரத்தம் வடித்தல், பாதரச உப்பு, அபின் ஆகியவற்றை மிகுதியும் நம்பினர். பின்னாளில், குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்னும் கருத்தால், வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளுக்கு உணவை நிறுத்துவது மருத்துவ வழக்காயிற்று. உண்ணாமையைப் பெருமருந்தெனக் கொள்ளும் நாட்டு நம்பிக்கையும் இதற்கு இசைவாக அமைந்தது. வாயிலாக இருந்தது முழுமையாக மாறியதன் விளைவைத் தாங்கியவர்கள் குழந்தைகளே. நோயால் இழந்ததைப் பட்டினி மேலும் பெருக்கும். மெலிந்த குழந்தையை அடுத்த நோய் எளிதிற் பற்றும். தொடக்கத்திலேயே உணவு தரப்பட்ட குழந்தைகள் பட்டினியிடப்பட்டவர்களைவிட நன்கு தேறியதை 1948இல் வெளிவந்த ஆய்வு காட்டிய பின்னரும் பழைய வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

அறிவியலின் மறுமதிப்பீடு

1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளர் 186 பேருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி தந்ததை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த போன்காவ் முகாமில் சிரைவழி நீர் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்னும் அளவில் கரைசல் செய்து, அதனை ஊட்டும் பொறுப்பை உறவினர்களிடமே ஒப்படைத்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

குடற்சுவரில் குளுக்கோசு சோடியத்தை உடனிழுத்துச் செல்ல, நீர் அவற்றைத் தொடர்கிறது என்பதே இதன் அடிப்படை. ஆனால் சர்க்கரை மிகுந்தால் அது நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை மிகுவிக்கும். அரிசி மாவுப்பொருளோ சிறிது சிறிதாகவே குளுக்கோசாகப் பிரிவதால் இத்தீங்கு நேர்வதில்லை. 1982இல் டாக்கா ஆய்வாளர்கள் அரிசி மாவும் உப்புகளும் கலந்த கரைசலின் பயனை நிறுவினர். குடலில் எளிதிற் செரிக்காத மாவுப்பொருள் சேர்ந்த கரைசல், காலரா நோயாளரின் நீரிழப்பைக் குறைத்ததை வேலூர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் காட்டியது. மோரின் சிறப்பும் இவ்வாறே விளங்குகிறது. நோயுற்ற குடல் பாலின் சர்க்கரையைச் செரிக்க இயலாதிருக்கும். பால் உறையும்போது அச்சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுகிறது.

ஆயினும் பழமை முழுவதும் அறிவியலால் மெய்ப்பிக்கப்பட்டது எனக் கூறுவது பொருந்தாது. சரகர் விலேபியை முதலில் உப்பின்றியோ சிற்றுப்புடனோ தரச் சொல்கிறார். உப்பின் இழப்பே உயிரிழப்புக்கு வழியாகும் என்பதை இன்றைய உடலியல் உணர்த்துகிறது. ஆகவே உப்பிடாத கஞ்சி குறையுடையது. மிகுந்த நீரிழப்புக்கு உப்பிட்ட கஞ்சியும் உரிய கரைசலுக்கோ சிரைவழி நீருக்கோ ஈடாகாது. 2004இல் உலக நலவாழ்வு அமைப்பும் யூனிசெப்பும் குழந்தைகளுக்குத் துத்தநாகத்தையும் பரிந்துரைத்தன. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது என்பதும் அப்பரிந்துரையின் பகுதியாகும்.

முடிவுரை

விநயபிடகத்துக் கஞ்சி முதல் டாக்காவின் அரிசிக் கரைசல் வரை, நோயுற்ற வயிற்றுக்கு ஏற்றதை ஏற்ற வேளையில் தருதல் என்னும் நெறி தொடர்ந்து காணப்படுகிறது. சரகர் வகுத்தது உணவின் வரிசை. இருபதாம் நூற்றாண்டு அதற்கு உப்பின் அளவைச் சேர்த்தது. இவ்விரண்டையும் மறைத்து நின்றது பட்டினியே. 2015–16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்விலும், வயிற்றுப்போக்குற்ற குழந்தைகள் பலர்க்கு வழக்கத்தினும் குறைவாகவே உணவு தரப்பட்டமை பதிவாகியுள்ளது. எனவே, பத்தியம் என்னும் சொல்லுக்கு உண்ணத்தக்கது என்னும் அதன் முதற்பொருளை மீட்டுத் தருவது சொல்லாராய்ச்சி அளவில் முடிவதன்று. குழந்தைகளின் உயிரைக் காக்கும் செயலோடும் அது தொடர்புடையதாகும்.