கடாரத்தார் கண்ட ஐரோப்பியப் பட்டணம்

மனைவி மக்களுடன் ஐரோப்பியப் பெருநகரங்களைச் சுற்றிப் பார்த்து வருவது இன்று மலேசியத் தமிழருள் வசதி படைத்தோருக்குச் சாத்தியமாகியிருக்கிறது. ஆயினும், கடாரம் எனப்பட்ட கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளில் வாழ்ந்த எளிய குடும்பங்கள், ஆங்கிலேயர் தம் தேசத்து நகரங்களின் சாயலில் கோட்டையும் மணிக்கூண்டும் நகர மண்டபமும் சமைத்து எழுப்பிய ஒரு பட்டணத்தை இரண்டு தலைமுறைக்கு முன்பே கண்ணாரக் கண்டு வந்தன. கெடாவுக்கு மேற்கே சிறு கடலொன்றுக்கு அப்பால் இருக்கும் பினாங்குதான் அது.

ஆதியில் அத்தீவு கெடாவின் உடைமையாகவே இருந்தது. சயாமியப் படையெடுப்புக்கு அஞ்சிய சுல்தான் அப்துல்லா, ராணுவ உதவி கிட்டுமென்ற நம்பிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடங்கொடுக்க, 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் அங்கே பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். எதிர்பார்த்த உதவியோ வரவேயில்லை. தீவை மீட்க முயன்று தோற்ற சுல்தான், 1791இல் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலரைப் பெற்றுக்கொண்டு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கி ஜார்ஜ் டவுன் வளர்ந்த வரலாற்றின் அடியில் இந்த அநீதி கிடக்கிறது என்பதைக் கெடாவில் வாழும் நாம் மறப்பதற்கில்லை.

நம்மவர் அந்தப் பட்டணத்தை முதன்முதல் கண்ட விதமும் மகிழ்ச்சிக்குரியதன்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தொழிலாளர்கள், தொற்றுநோய்த் தடுப்பின் பொருட்டு ஜெரஜாக் தீவில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் கங்காணியின் பொறுப்பில் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நகரத்தின் வாயிலைக் கடந்தும் நகரத்தைக் காணாமலே பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய், கூலிம் எனப் பால்மரக் காடுகளுக்குள் சென்று மறைந்தவர்கள் அவர்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்களுக்கு, பொழுதில் பெரும்பகுதி துரையின் கணக்கில் அடங்கியதாகவே இருந்தது.

ஆகவே, தைப்பூசத்துக்கு முன்தினம் பினாங்கின் தண்ணீர்மலைக்குக் கட்டுச்சோற்றுடனும் பிள்ளைகுட்டிகளுடனும் புறப்பட்ட பிரயாணத்தைப் பக்தி யாத்திரை என்று மட்டும் சொல்லிவிடுவது பொருந்தாது. 1915இல் அலோர் ஸ்டார் வரை எட்டிய இருப்புப்பாதை வழியை எளிதாக்கியது. தோட்டத்து லாரியும் சில வேளை கிடைத்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் உருவாகி, அடுத்த ஆண்டின் தொழிற்சட்டம் ஓய்வுநாளையும் சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமையாக்கியபோது, அந்தப் பிரயாணம் துரையின் தயவை எதிர்பார்க்கும் நிலையினின்று விடுபட்டது. எவரிடமும் காரணம் சொல்லாமல், ஒரு நாள் முழுவதும் வெறுமனே நடந்து வேடிக்கை பார்க்கும் சுதந்திரம் சாமானியமானதன்று. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

பிறையில் ரயிலை விட்டிறங்கிப் படகேறி அக்கரை சேர்ந்தால், 1907இல் கட்டிய ரயில்வே மாளிகை எதிர்ப்படும். மணிக்கூண்டோடு கூடிய அந்த நிலையத்தில் அன்று சீட்டு வாங்க முடிந்ததே ஒழிய ரயிலைக் காண இயலவில்லை, ஏனெனில் தண்டவாளம் பிறையிலேயே முடிந்துவிட்டது. விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சியைக் குறிக்கும் அறுபதடி மணிக்கூண்டு சற்றே சாய்ந்து நிற்பதைத் தந்தைமார் தோளிலிருந்த குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டி, போர்க்காலக் குண்டுவீச்சின் கதையைச் சொல்வார்கள். பிறகு கடைத்தெருவில் சேலைக்கடை. அங்கே பெண்கள் எடுத்த புடவையை மறுபடி மடித்து வைத்து, வேறொன்றை விரித்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் ஆண்கள் பொறுமையிழந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

ஒருகாலத்தில் வெள்ளைக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் கூலியாட்களின் தோளில் டோலியேறிச் சென்ற கொடிமலைக்கு, 1924ஆம் ஆண்டின் முதல் நாள் முறைப்படித் திறக்கப்பட்ட மலைரயில் வழி திறந்துவிட்டது. நடுவழியில் வண்டி மாறி உச்சியை அடைந்த தோட்டத்துக் குடும்பம், அங்கிருந்து கடலையும், அதற்கப்பால் நீலமாய்த் தெரியும் கெடாச் சிகரத்தையும் பார்த்து, அதன் அடிவாரத்தில்தான் நம் தோட்டம் என்று குதூகலித்தது. செட்டியார்களின் கோவில்வீட்டிலிருந்து புறப்பட்ட, 1894இல் தமிழகத்திலிருந்து வந்த அவர்களது வெள்ளிரதம் தண்ணீர்மலைச் சாலையில் ஊர்ந்துவர, சீனரும் சிதறுகாய் உடைத்து முருகனை வணங்கியதைக் கண்டு திரும்பியவர்கள், அதைப் பல மாதம் லயத்துத் திண்ணைகளில் பேசினார்கள்.

1985இல் பினாங்குப் பாலம் திறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பெயர்ந்தன. 1972இல் அமைந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகள் பினாங்குக் கரையைத் தாண்டியும் ஆள் தேட, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை கண்டவர்களின் பேத்திமார் அத்தீவுக்கு நாள்தோறும் தொழிற்சாலைப் பேருந்தில் வேலைக்குப் போய் வரலாயினர்.